இல்மென்காவிலிருந்து வந்த சீர்

இல்மென்கா,
1996 ஆகஸ்ட் 25

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நூவர்க் ஏர்போர்ட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் கார் ஓட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்தக் கோபம் இந்தக் கடிதம் வருவதற்குள் பாதியாவது இறங்கியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். முழுசாக இறங்கியிருக்காது. பத்து வருஷமாக உங்களைத் தெரியாதா எனக்கு.

மாஸ்கோவிலிருந்து ஒரு பகலும் ஒரு இரவும் ரயில். அப்புறம் ஜீப். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திரங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். மூடி போட்ட பாத்திரம், வாணலி, பால் காய்ச்சுகிற கிண்ணி. ஏதோ சந்தை என்று நினைத்தேன். டிரைவர் சொன்னான், எல்லோரும் தொழிற்சாலை ஆட்களாம். தொழிற்சாலையிடம் பணம் இல்லை, செய்த பாத்திரம்தான் இருக்கிறது. அதனால் பல மாதமாகச் சம்பளமே பாத்திரமாகத்தான் வருகிறதாம். ஆஸ்பத்திரியும் தொழிற்சாலையுடையது, ஆகவே டாக்டருக்கும் பாத்திரம். பக்கத்து ஊர் தீப்பெட்டி ஆலையில் சம்பளம் தீப்பெட்டி. சனிக்கிழமை இரண்டு ஊரும் சந்தித்து மாற்றிக்கொள்கின்றன.

நான் தங்கியிருப்பது நினா பாவ்லோவ்னா வீட்டில். தகட்டை அழுத்திப் பாத்திரமாக்குகிற பிரஸ் ஷாப்புக்கு அவள்தான் தலைவி. குரல் ஒரு தெருவுக்குக் கேட்கும். "என் சம்பளத்தைப் பார்க்கிறாயா?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தாள். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான பாத்திரம் அங்கே இருந்தது.

என் வேலை லேசானதுதான். இந்தத் தொழிற்சாலையின் இரண்டு பெரிய பிரஸ்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு போக நம் கம்பெனி ஆசைப்படுகிறது. அவை நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ஆறு வாரம். அக்டோபர் முதல் வாரம் வீட்டில் இருப்பேன்.

புளிக்காய்ச்சல் ஃப்ரீஸரில் மேல் தட்டில் இருக்கிறது. நம் பெண் கயலுக்குத் தலை பின்ன வேண்டுமென்றால் எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி ஆன்ட்டியிடம் அனுப்புங்கள். நீங்களே முயற்சி செய்ய வேண்டாம்.

வள்ளி


பிளெய்ன்ஸ்பரோ,
1996 செப்டம்பர் 8

அன்புள்ள வள்ளி,

கோபம் இறங்கவில்லை. பாதிகூட இறங்கவில்லை. நீ ரஷ்யா போனதில் எனக்கு வருத்தமில்லை. ஸ்காலர்ஷிப்பில் அங்கே போய் உலோகவியல் படித்தவள், அந்த பாஷை தெரிந்தவள், உன்னை அனுப்பாமல் என்னையா அனுப்புவார்கள்? ஆனால் விட்மோர் கேட்டவுடன் அவனிடம் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குத் தகவல் சொன்னாயே, அதுதான். பாஸுக்குச் சம்மதம், புருஷனுக்கு அறிவிப்பு. ஆபீஸில் எனக்கு வருகிற மெமோகூட இதைவிட மரியாதையாக இருக்கும்.

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளக் கடிதத்தைப் பிரித்தேன். அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டேன். தீப்பெட்டிச் சம்பளம் வரைக்கும் எழுதியவள், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

இங்கே நிலவரம் இது. மாவு அரைத்தேன், பொங்கவில்லை. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தேன், அப்போதும் பொங்கவில்லை. அதிலேயே இட்லி ஊற்றினேன். கயல் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். அது துள்ளித் திரும்பி வந்தது. "அப்பா, திஸ் இட்லி கேன் பவுன்ஸ்!" என்று ஒரே குதூகலம். ஸ்கூலுக்கு எடுத்துப் போய் ஷோ அண்ட் டெல்லில் காட்டலாமா என்று கேட்கிறாள்.

தலை நானே பின்னினேன். ராஜலக்ஷ்மி ஆன்ட்டி பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, பஸ்ஸுல ஆராச்சும் புடிச்சு இழுத்துட்டாங்களா?" என்று கயலைக் கேட்டார்.

அக்டோபர் முதல் வாரம் என்று நீ எழுதியதை மட்டும் கிழித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சேனாபதி


இல்மென்கா,
1996 செப்டம்பர் 20

என்னங்க,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மூன்று வேளையும் உருளைக்கிழங்கு. போதுமா?

இனி ஊரைப் பற்றி எழுதுவேன். திட்டிக்கொண்டாவது படியுங்கள், ஏனென்றால் கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

இல்மென்காவின் நடுவில் ஒரு பெரிய குளம் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி ஆற்றை மறித்துக் கட்டியது. தண்ணீர் ஓட்டத்தில் துருத்தி ஊதி இரும்பு உருக்கினான். முதலில் பீரங்கிக் குண்டு, போர் இல்லாத காலத்தில் வாணலி. தொழிற்சாலைதான் முதலில் வந்தது, ஊர் அதைச் சுற்றிப் பிற்பாடு முளைத்தது. 1941இல் ஜெர்மன் படை நெருங்கியதும் மேற்கிலிருந்த ஒரு ஆலையை அப்படியே ரயிலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சுவர் எழுப்பவில்லை, கூரை போடவில்லை. பனி கொட்டும் வெட்டவெளியில் பிரஸ்ஸை நிறுத்தி ஓட்டினார்கள். நினாவின் அம்மா அப்போது அதில் வேலை பார்த்தவள். கழற்றி எடுக்க நான் அளந்துகொண்டிருப்பது அந்தப் பிரஸ்களைத்தான்! போருக்குப் பிறகு ஊரையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ராணுவ வேலை, ரகசியம். பஸ் டிக்கெட்டில்கூட ஊர் பெயர் இருக்காதாம். இப்போது ராணுவம் ஆர்டர் கொடுப்பதில்லை. ஊர் வரைபடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது, வேலைதான் போய்விட்டது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இங்கே எந்த வீட்டிலும் தனியாக ஹீட்டர் கிடையாது. தொழிற்சாலை பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் குழாயில் ஊர் முழுக்க ஓடுகிறது. என் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு ரேடியேட்டர் இருக்கிறது, இப்போதைக்குச் சில்லென்று. வேலை நடக்கிற தொழிற்சாலைக்குத்தான் பாய்லர் எரிக்கக் கேஸ் தருவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். பிரஸ் இரண்டும் போனால் தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை இல்லாவிட்டால் மைனஸ் முப்பதில் இந்த ஊர் இல்லை. நான் எழுதப் போகிற ரிப்போர்ட் அதைத்தான் செய்யும். பிரஸ் இரண்டும் பிரமாதமான நிலையில் இருக்கின்றன என்பதுதான் கொடுமை.

விட்மோருடன் போனில் சண்டை போட்டேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். நவம்பர் முடிவதற்குள் அந்தப் பிரஸ்ஸில் செய்த ஏதாவது ஒரு சாமானுக்கு ரஷ்யாவுக்கு வெளியிலிருந்து ஒரு ஆர்டர் காட்டு, கழற்றாமல் இங்கேயே வைத்து நடத்தலாம் என்றார். வாணலி அமெரிக்காவில் விற்காது, அங்கே கொட்டிக் கிடக்கிறது. அங்கே யாருமே செய்யாத, ஆனால் ஜனங்கள் இந்தியாவிலிருந்து சூட்கேஸில் துணிக்கு நடுவே சுற்றிச் சுமந்துகொண்டு வருகிற ஒரு சாமான் எது?

இட்லித் தட்டுங்க.

நம் வீட்டு இட்லித் தட்டை உடனே கம்பெனி கூரியரில் அனுப்புங்கள். இருநூறு செட் செய்து அனுப்புகிறேன். தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில் நீங்கள் கடை போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மனசு வரவில்லை. ஆர்டர் கிடைத்தால், வேலையை ஓட்டிக் காட்ட வசந்த காலம் வரை நான் இங்கே இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவேன். எப்படிப் பார்த்தாலும் அக்டோபர் இல்லை. இந்தத் தடவை விட்மோரிடம் இன்னும் சரி சொல்லவில்லை. முதலில் உங்களைக் கேட்கிறேன்.

வள்ளி


பிளெய்ன்ஸ்பரோ,
1996 அக்டோபர் 3

அன்புள்ள வள்ளி,

முதலில் என்னைக் கேட்கிறாயாம்! இருநூறு வருஷச் சரித்திரம், ஒரு உலகப் போர், குளிரில் நடுங்கும் ஒரு ஊர் எல்லாவற்றையும் என் தலையில் இறக்கிவிட்டு, அப்புறம் "உங்கள் விருப்பம்" என்றால் நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொன்னால் அந்த டாக்டர், நினா, தீப்பெட்டிக்காரர்கள் எல்லோரும் கனவில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இதில் உள்ள அழகைக் கவனித்தாயா? தட்டு விற்றால் பெண்டாட்டி வர மாட்டாள். விற்காவிட்டால் வருவாள். அதை விற்கிற ஆள் நான். உலகத்தில் எந்தக் கம்பெனியாவது இப்படி ஒரு சேல்ஸ்மேனைப் போட்டிருக்குமா?

தட்டை அனுப்பிவிட்டேன். குக்கருக்குள்ளிருந்து எடுத்துக் கழுவி, துடைத்து, அப்படியே. செய்து பார்க்க அரிசியும் உளுந்தும் ஒரு பையில் வைத்திருக்கிறேன். நாங்கள் உப்புமா சாப்பிடுகிறோம். கயல் உப்புமாவைத் தரையில் போட்டுப் பார்த்தாள். துள்ளவில்லை என்று ஏமாற்றம்.

தமிழ்ச் சங்கத்தில் கடைக்கு இடம் சொல்லிவிட்டேன். நவம்பர் 16, சனிக்கிழமை, ஹைஸ்கூல் கஃபேட்டீரியா. புடவைக் கடைக்கும் டெலிபோன் கார்டு விற்பவருக்கும் நடுவில் ஒரு மேஜை. இதைச் செய்கிறேன் என்பதால் சம்மதித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

சேனாபதி


இல்மென்கா,
1996 நவம்பர் 5

என்னங்க,

பெட்டிகளைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும். தபாலுக்கு அந்த வேகம் இல்லை என்றும் தெரிகிறது. போன் லைன் பனியில் அறுந்து கிடக்கிறது, சரியாக இரண்டு வாரமாவது ஆகுமாம்.

நீங்கள் அனுப்பிய தட்டை நினாவிடம் கொடுத்து, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு, ஏற்றுமதி அனுமதிக்குக் கையெழுத்து வாங்க மாஸ்கோ போனேன். ஒரு வாரம் என்று போனது மூன்று வாரமாகிவிட்டது. திரும்பி வருவதற்குள் அச்சு வெட்டி, தட்டடித்து, பெட்டி கட்டி, லாரி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு செட் மட்டும் எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள். நினா அதை இரண்டு கையாலும் நீட்டினாள். முகமெல்லாம் பெருமை.

எடுத்துப் பார்த்தேன். நம் தட்டின் விளிம்பில் என்ன வெட்டியிருக்கிறது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் கல்யாணத்துக்கு ஆத்தூரிலிருந்து பத்மநாபன் மாமா கொண்டுவந்த பாத்திரம் அது. "தாய்மாமன் பத்மநாபன் சீர் 1986" என்று பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுத்தார்களே.

எல்லாத் தட்டிலும் அது இருக்கிறதுங்க. எல்லாவற்றிலும்.

இது ராணுவச் சாமான் செய்த தொழிற்சாலை. மாதிரியில் இருப்பது ஒன்றுவிடாமல் சரக்கிலும் இருக்க வேண்டும் என்பது இவர்கள் சட்டம். ஒரு குறி விட்டுப்போனால் அந்தக் காலத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுழிகளுக்காக மூன்று பேர் பூதக்கண்ணாடியோடு நான்கு நாள் உட்கார்ந்தார்களாம். கயல் மூன்று வயதில் கீழே போட்டு விளிம்பில் ஒரு நசுங்கல் விழுந்ததே, அதையும் விடவில்லை. அதை மட்டும் சரியாக வரவழைக்க ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றாள் நினா.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்கள். அம்மாவுடைய தம்பி கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு என்றேன். உடனே நினா அந்தக் குரலில் கத்தினாள், "அப்படியென்றால் இருநூறு வீட்டுக்கு அவர் மாமாவா!" எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான்தான் சரியாகச் சிரிக்கவில்லை.

அடுத்தவர் பெயர் வெட்டிய பாத்திரத்தை நம் ஜனங்கள் யார் வாங்குவார்கள்? நாலு பாய்லரில் ஒன்றுதான் எரிகிறது. ரேடியேட்டரில் கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும். விற்காவிட்டால் உங்கள் தப்பில்லை. நான் கிளம்பி வந்துவிடுகிறேன். உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அதற்காக உங்கள் மேல் கோபப்பட மாட்டேன்.

வள்ளி


பிளெய்ன்ஸ்பரோ,
1996 நவம்பர் 18

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் ஆபீஸுக்கு வந்தது. விழா முடிந்து இரண்டு நாள் ஆகிறது. ஆகவே இது பதில் கடிதம் இல்லை. சும்மா கேள்.

பெட்டி வியாழக்கிழமையே வந்துவிட்டது. மெழுகுக் காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புக் கிரீஸ்! எவர்சில்வர் துருப்பிடிக்காமலிருக்கக் கிரீஸ் தடவி அனுப்பியிருக்கிறார்கள் உன் ஆட்கள். ஒவ்வொரு செட்டோடும் முத்திரை குத்திய ஒரு பாஸ்போர்ட். ஆமாம், பாஸ்போர்ட் என்றுதான் போட்டிருக்கிறது. அந்த ஊர் ஸ்கூல் டீச்சர் யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார் போல. பொருள்: தட்டு, ஆவி வகை, தேசியத் தன்மை உடையது. மைனஸ் ஐம்பது வரை தாங்குமாம். நம் கிரீன் கார்டு எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை, இட்லித் தட்டு மட்டும் சகல பேப்பரோடும் வந்து இறங்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் பில்டிங் முழுக்க இதே வேலைதான். எல்லார் வீட்டு பாத்டப்பிலும் சுடுதண்ணீர், சீயக்காய்த்தூள். தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தோமோ இல்லையோ, உன் தட்டுகள் குளித்துவிட்டன. முதல் தட்டு வெளுத்ததும் எழுத்து தெரிந்தது. என் கண்ணில் கோளாறு என்று நினைத்து இரண்டாவதைத் தேய்த்தேன். அதிலும் பத்மநாபன் மாமா. கயல் தன் நசுங்கலைத் தானே கண்டுபிடித்து, "தட்ஸ் மை டென்ட்!" என்று ஒவ்வொரு தட்டாகத் தேடிப் பார்த்துத் துள்ளினாள்.

சனிக்கிழமை மேஜையில் அடுக்கி வைத்தேன். பளபளவென்று இருந்தன. கூட்டம் வந்தது. எடுத்தார்கள், எழுத்தைப் படித்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் வரை ஒன்றுகூடப் போகவில்லை. ராஜலக்ஷ்மி ஆன்ட்டிதான் வாய்விட்டுச் சொன்னார்.

"இதென்ன சேனாபதி, ஆரோ மாமன் குடுத்த சீரைக் கொண்டாந்து கடை போட்டிருக்கறே? சீரை ஆராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா? வெளங்குமா?"

அது நியாயம்தானே. அப்போது ஒரு விஷயம் புத்திக்கு எட்டியது வள்ளி. பெட்டியை மூடிவிட்டால் போதும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். இரண்டு வாரத்தில் நீ வீட்டில் இருப்பாய். கை பெட்டி மூடி மேல் போய்விட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆன்ட்டி அப்போது இன்னொரு வார்த்தை சொன்னார். "உடு சாமி. ரஷ்யாக்காரன் உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "ஏமாத்தலீங்க ஆன்ட்டி!" என்று கத்திவிட்டேன். புடவைக் கடையே திரும்பிப் பார்த்தது. "அவங்களுக்கு ஏமாத்தத் தெரியாதுங்க. கூரை இல்லாம பனியில நின்னு பிரஸ் ஓட்டின ஊருங்க அது!" என்று ஆரம்பித்தவன்தான். குளம், வியாபாரி, பீரங்கிக் குண்டு, ரயிலில் வந்த ஆலை, மேப்பில் இல்லாத ஊர், கட்டிலுக்கடியில் சம்பளம், தீப்பெட்டி, சில்லென்று கிடக்கிற ரேடியேட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியபோது திட்டிக்கொண்டே படித்த சரித்திரம் முழுக்க மனப்பாடமாக இருந்திருக்கிறது எனக்கு! "படிக்கத் தெரியாத பாஷையை மூணு பேர் பூதக்கண்ணாடி வச்சு வெட்டியிருப்பாங்க, ஒரு சுழி தப்பா இருக்கா பாருங்க" என்று நானாக அடித்துவிட்டேன். இன்றைக்கு உன் கடிதத்தில் அதே மூன்று பேரும் பூதக்கண்ணாடியும் இருப்பதைப் பார்த்து ஆபீஸில் எழுந்து நின்றுவிட்டேன்.

பக்கத்து பில்டிங் ஹம்சா ஒரு தட்டை எடுத்தாள். கைக்குழந்தை இடுப்பில்.

"ஆன்ட்டி, ஜனவரில இவனுக்குக் காதுகுத்து. எங்கண்ணனுக்கு விசா ரெண்டு வாட்டி ரிஜெக்ட் ஆயிடுச்சு. மடியில உக்கார வைக்க மாமன் இல்ல. அட்லீஸ்ட் ஒரு மாமன் சீராவது வரட்டுமே. எவ்வளவுண்ணா இது?"

"சீருக்கு வெலை சொல்லக் கூடாதும்மா," என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று கேட்காதே. "நீ எடுத்துக்க. மொய் எழுதிட்டுப் போ."

ஒரு நிமிஷம்தான். ராஜலக்ஷ்மி ஆன்ட்டி சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் கஃபேட்டீரியாவே சிரித்தது. ஆன்ட்டி டெலிபோன் கார்டுக்காரரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கயலின் ஸ்கூல் நோட்டை வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டார். நாமக்கல்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, கல்யாண வீடு மாதிரியே ஊரும் பேரும் சேர்த்துக் கூவினார். "ஈரோடு ராஜலக்ஷ்மி, இல்மென்கா பிரஸ் ஷாப்புக்கு மொய்!" வரிசை நின்றது வள்ளி. கல்யாணமாகி வந்த பெண்கள், பிரசவத்துக்குத் தேதி குறித்தவர்கள். அண்ணன் தம்பியைப் பார்த்து எத்தனை வருஷமோ, தட்டை வாங்கி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "எங்க மாமா இத்தனை வருஷத்துல ஒரு ஸ்பூன் குடுக்கல, பத்மநாபன் மாமா வாழ்க!" என்றாள்.

சாயங்காலம் மேஜையில் ஒன்றுமில்லை. எடிசனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஷா, பிஸ்தா பர்ஃபி விற்க வந்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் குறைந்ததும் வந்து, கிடங்கு கொள்கிற அளவுக்கு வேண்டும் என்றார். "எழுத்தை எடுத்துவிடச் சொல்கிறேன்" என்றேன். பதறிவிட்டார். எழுத்து இல்லாவிட்டால் ஒருத்தரும் வாங்க மாட்டார்களாம். கடை லெட்டர்ஹெட்டில் ஆர்டர் எழுதி, மொய் நோட்டின் இங்கிலீஷ் நகலோடு இன்று காலை விட்மோருக்கு ஃபேக்ஸ் போய்விட்டது. நசுங்கலும் வேண்டும் என்று கயல் கீழே ஒரு வரி சேர்க்க வைத்திருக்கிறாள்.

ஆத்தூருக்குப் போன் போட்டு மாமாவிடம் சொன்னேன். "மாப்ளே, நான் ஒரே ஒரு தட்டுத்தானுங்களே குடுத்தேன்?" என்றார்.

ஆக, நீ வர மாட்டாய். என் கையாலேயே செய்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரூட் ஒன் ஹைவேயில் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். கிறிஸ்துமஸ் லீவு டிசம்பர் 20 ஆரம்பிக்கிறது. கயலுக்கும் எனக்கும் டிக்கெட் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டு உனக்குத் தகவல் சொல்கிறேன். எப்படி இருக்கிறது?

சேனாபதி


இல்மென்கா,
1996 டிசம்பர் 1

என்னங்க,

நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

விட்மோர் ஒப்புக்கொண்டார். பிரஸ் இரண்டும் இங்கேதான். மொய் நோட்டின் ஃபேக்ஸ் பிரதியை எனக்கு அனுப்பி, இவர்கள் எல்லோரும் யார், ஏன் ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஒரு ஊர் பெயர் இருக்கிறது என்று விசாரித்தார். சொந்தக்காரர்கள் என்று பதில் எழுதிவிட்டேன்.

கம்பெனி முன்பணம் வந்தது. இந்த மாதம் சம்பளம் பாத்திரமாக வரவில்லை. நினா நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கட்டிலுக்கடியில் குனிந்தாள். பிறகு என்னைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் மேஜைக்கு முன்னால் நின்று கத்தியதை ஷாப்பில் எல்லோருக்கும் ரஷ்ய மொழியில் சொன்னேன். கூரை இல்லாத கதைக்கு வந்தபோது நினா எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது. "உன் புருஷனுக்கு என் அம்மாவைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பிரஸ் ஷாப் கதவில் சிவப்புப் பெயிண்டில், ஆளுயரத்துக்கு, தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்: தாய்மாமன் பத்மநாபன் சீர். இப்போது அர்த்தம் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். நசுங்கலையும் கதவு ஓரத்தில் வரைந்திருக்கிறார்கள். கயல் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம்.

இதைக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய அரிசியையும் உளுந்தையும் ஊற வைத்து, லேபில் தாது அரைக்க வாங்கி இன்னும் பிரிக்காத புது மில்லில் அரைத்தேன். பாய்லர் நாலும் எரிகிறது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு, உள்ளே ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. மாவைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன நினா ஷாப்புக்கு ஓடி வந்தாள், முழங்கை வரை வெள்ளையாக, என்னமோ பொங்கி வழிகிறது, நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று அலறிக்கொண்டு.

ஒன்றும் செய்யாதே, பொங்கட்டும் என்றேன்.

சீக்கிரம் வாருங்கள். கயலிடம் சொல்லிவிடுங்கள், இந்த இட்லி துள்ளாது.

வள்ளி